கூண்டு ஆடி ஓயும்வரை

புனேவில் கடல் இல்லை. எனக்கும் தெரியும். ஆனாலும் கடற்படையில் இருக்கிறேன் என்று சொன்னால் போதும், புனே பக்கத்தில் எங்கள் வீடு இருக்கும் தேஹு ரோடில் ஒவ்வொருவரும் ஏதோ தாங்களே கண்டுபிடித்தது மாதிரி அதை என்னிடம் சொல்லிச் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, கடலில் தத்தளிப்பவரைத் தூக்கிவருவது என் வேலை. அப்போது அதற்கான பயிற்சியில் இருந்தேன். நீச்சலில் என்னை முந்த எங்கள் அணியில் ஆள் கிடையாது. ஆனால் ஒரு கூண்டிடம் தோற்றேன்.

ஹெலிகாப்டரின் உட்புறம் மாதிரி செய்த இரும்புக் கூண்டு அது. எங்களை உள்ளே உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, கண்ணை மறைத்து, குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் கவிழும், அதற்கான ஒத்திகை. ஒரு கை ஜன்னல் சட்டத்தில் இருக்க வேண்டும், இன்னொரு கை பெல்ட் கொக்கியில். கூண்டு ஆடி ஓயும்வரை பெல்ட்டைக் கழற்றக் கூடாது. கழற்றினால் தண்ணீர் ஆளைச் சுழற்றிவிடும், வழி எந்தப் பக்கம் என்றே தெரியாது.

நானோ மூக்கில் தண்ணீர் ஏறியதுமே கழற்றினேன். ஒவ்வொரு முறையும். எதிர்ச் சுவரில் போய் முட்டிக்கொண்டேன். காவலுக்கு உள்ளே இருந்தவர் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். "இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் போச்சுன்னா பறக்கிற வேலை கிடையாது, கப்பலுக்குத் திரும்பிப் போய் பெயிண்ட் அடி" என்று இந்தியில் சொல்லிவிட்டார் பயிற்சியாளர். இடையில் சில நாள் விடுப்பு, வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. புனேவிலேயே கராடியில் இருக்கும் அக்காவிடம் மட்டும் சொன்னேன். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். வாய் என்னைவிட மோசம்.

"லோக்கல் ட்ரெயின் நிக்கறதுக்கு முன்னாடியே குதிக்கிற ஆளுதானே நீ? அதான் அங்கயும் குதிக்கிற."

"தேஹு ரோடுல எல்லாருந்தான் குதிக்கிறாங்க."

"எல்லாரும் நேவில இல்லடா. எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டி பூல்ல மத்தியானம் ஒரு ஈ காக்கா இருக்காது. சேர்ல கட்டிக் கவுக்கறோம், வா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், பால்கனி பிளாஸ்டிக் நாற்காலியோடு மாமா வாசலில் நின்றார். அக்கா வீட்டுக்காரர், சாது.

நெஞ்சளவுத் தண்ணீரில் நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்து இடுப்பில் துப்பட்டாவால் உருவு முடிச்சுப் போட்டார்கள். இடது கையால் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கவிழ்த்து ஆட்டினார்கள். நான் உடனே முடிச்சை உருவிவிட்டு, கம்பியை விட்டுவிட்டு, சுவரில் போய் மோதினேன். நான் மூழ்குகிறேன் என்று நினைத்த மாமா என் மேல் பாய்ந்து கட்டிக்கொண்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. காப்பாற்ற வந்தவரை நான் இழுத்துக் கரையேற்ற வேண்டியதாயிற்று.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "மேடம், பூல் மே குர்ஸி அலவ்ட் நஹீ ஹை!" குளத்தில் நாற்காலி போடக் கூடாதாம்.

"போர்ட் பே குர்ஸி லிகா ஹை க்யா?" என்றாள் அக்கா.

நாற்காலிக்குத் தடை என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க அவர் நிஜமாகவே விதிப் பலகையிடம் போனார். நல்ல நீளமான பலகை. அதற்குள் என்னை மறுபடி கவிழ்த்தார்கள். மறுபடி சுவர்.

"உங்களுக்கு ஆட்டவே தெரியல!" என்று கத்தினேன்.

"மூச்சு தீந்துபோச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அவுத்த?"

மாமா வேறு சிரித்தார். எரிச்சலோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இவள் கை சோர்ந்து நிறுத்தும்வரை முடிச்சைத் தொடுவதில்லை என்று வீம்புக்குத் தலைகீழாகத் தொங்கினேன். ஆட்டினாள், ஆட்டினாள். மூக்கு எரிந்தது. பிறகு எல்லாம் அடங்கியது. என் கை கம்பியிலேயே இருந்தது. முடிச்சை உருவி, கம்பியைப் பிடித்தபடியே நேராக வெளியே வந்தேன். இவ்வளவுதானா என்று எனக்கே கோபம் வந்தது.

மறுதேர்வு அன்று கூண்டு கவிழ்ந்ததும் பக்கத்தில் இருந்தவன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு என் தாடையில் உதைத்தான். கண்ணை மறைத்திருந்ததால் முழு இருட்டு. கொக்கியில் இருந்த விரல் துடித்தது. நீ நில்லு முதலில், பிறகு பார்க்கலாம் என்று கூண்டை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். கெட்ட வார்த்தைகள் எல்லாம் தீர்ந்தபோது அது நின்றது. ஜன்னலைத் தள்ளி, பெல்ட்டைக் கழற்றி, சட்டத்தை இழுத்து மேலே வந்தேன். கடைசியாக வந்தவன் நான்தான்.

"அந்தர் ஸோ கயா தா க்யா?" என்றார் பயிற்சியாளர். உள்ளே தூங்கிவிட்டாயா என்று கேட்கிறார்! சுடச்சுடப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குளத்துத் தண்ணீர்தான் வந்தது. "நாளைக்கு நிஜ ஹெலிகாப்டர். போய்த் தலையைத் துவட்டு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அணியைக் கூப்பிடப் போய்விட்டார். ஒரு கைகுலுக்கல்கூட இல்லை.

என்னை உதைத்தவன் குளத்தோரம் குனிந்து இருமிக்கொண்டிருந்தான். நன்றாகத் திட்டுவதற்காகத்தான் அவனிடம் போனேன். அவனுக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு, அதுவும் போயிற்று. கையில் இருந்த துண்டை அவன் தோளில் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு நடந்தேன்.