கொட்டாஞ்சேனைக் கிளையின் மூன்று காலாண்டு

1. இறங்கிய நீலக் கோடு

கொட்டாஞ்சேனைத் தந்திக் கிளையை மூடலாம் என்று முதலில் எழுதியவன் நான்தான். மூடும் கடிதத்தில் கையெழுத்து எங்கள் வெள்ளைக்கார மனேஜர் பெரிய துரையுடையது, கணக்கு என்னுடையது. இன்று கந்தோர்களில் காலாண்டு ஸ்டேட்மென்ட் தயாரிக்கும் பிள்ளைகளுக்கு உதவலாம் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். கடலடிக் கம்பி வழியே வெளிநாட்டுக்குத் தந்தி அனுப்பும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் கொழும்புக் கோட்டைக் கந்தோரில் நான் கணக்குக் கிளார்க். வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்துகொண்டு தினமும் ரயிலில் போய்வந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு கிளையின் வரவு செலவையும் எடுத்து, முந்திய காலாண்டோடு ஒப்பிட்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று எழுதிக்கொடுப்பது என் பொறுப்பு.

கொட்டாஞ்சேனையின் வரவு மூன்று காலாண்டாக இறங்கிக்கொண்டே வந்தது. செலவு அசையவில்லை. வாடகை, மின்சாரம், கவுண்டரில் இருந்த அந்தோனியின் சம்பளம், தந்தி கொண்டுபோகும் சைக்கிள் பியூன்கள் எல்லாம் பழையபடி. வரவை நீல மையிலும் செலவைச் சிவப்பு மையிலும் கிராப் கீறினேன். மூன்றாம் காலாண்டில் நீலம் சிவப்புக்குக் கீழே போய்விட்டது. அடியில் ஒரு வரியும் சேர்த்தேன்: ‘இக்கிளையைத் தொடர்ந்து நடத்தக் காரணம் காணப்படவில்லை.’ பெரிய துரை கூப்பிட்டு, இவ்வளவு தெளிவான ஸ்டேட்மென்ட் இந்தக் கந்தோரில் தான் பார்த்ததில்லை என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

2. கவுண்டரடியில்

அடுத்த திங்கட்கிழமை கிளையை மூடும் கடிதத்தையும், மேசை நாற்காலிகளைப் பட்டியல் எடுக்கும் தாளையும் தந்து என்னையே அனுப்பினார்கள். கிராண்ட்பாஸ் டிராமில் போய் இறங்கி நடந்தேன்.

அந்தோனி எனக்குப் புதியவர் அல்ல. என் வயதுதான். சம்பள நாளில் கோட்டைக்கு வந்தால் இருவரும் ஒன்றாகத் தேநீர் குடிப்போம். மூன்று பிள்ளைகள். மூத்த மகள் கன்னியர் மடத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிப்பதை வாய் ஓயாமல் சொல்வார். எங்கள் சம்பளத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தவணைக் காசு கட்டுவது லேசான காரியம் அல்ல.

நான் போனபோது கவுண்டரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மாத முடிவோடு வேலை இல்லை என்ற கடிதத்தை அந்தோனி இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆளின் ஃபோர்மை வாங்கினார்.

“வரவு குறைஞ்சிட்டுது எண்டு போட்டிருக்கு,” என்றார். “சனம் குறையேல்லையே. இதில கொஞ்சம் நிண்டு பாரும்.”

நின்றேன். அரிசிக் கடை ஆட்கள், இரும்புக் கடை ஆட்கள் என்று வந்தபடி இருந்தார்கள். அந்தோனி சொற்களை எண்ணினார், முத்திரை குத்தினார். ஆனால் காசு கொடுத்தவர்கள் ஒருவர் இருவர்தான். மற்ற ஃபோர்ம்களின் மூலையில் ‘டிப்பொசிற்’ என்று எழுதியிருந்தது.

“இவையள் இஞ்ச காசு கட்டுறேல்லை. கோட்டைக் கணக்கில எழுதச் சொல்லுவினம். ஒம்பது மாசமா இப்பிடித்தான்.”

ஒன்பது மாதம் என்றால் மூன்று காலாண்டு. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பெரிய வியாபாரிகள் கோட்டைக் கந்தோரில் டிப்பொசிற் என்று முற்பணம் கட்டிவிட்டு எந்தக் கவுண்டரிலும் தந்தி கொடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை போயிருந்தது. அதை டைப் அடித்தவன் நான். தந்தியை வாங்குவது, அனுப்புவது, பதிலை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் கொட்டாஞ்சேனை. வரவு மட்டும் கோட்டையின் பெயரில் விழுந்தது. அதே மூன்று காலாண்டில் கோட்டையின் நீலக் கோடு ஏறியதையும் நானேதான் கீறியிருந்தேன். இரண்டு கிராப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை.

அந்தோனியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலிகளை எண்ணி எழுதிக்கொண்டு திரும்பினேன்.

3. வியாழக்கிழமை

எங்கள் தலைமைக் கிளார்க் ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கியர், நல்ல மனிதர். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். உன்னை நிரந்தரமாக்கும் பத்திரம் வியாழக்கிழமை பெரிய துரையின் மேசைக்குப் போகிறது. அவர் புகழ்ந்த ஸ்டேட்மென்ட் பிழை என்று அதற்கு முன் போய் நிற்காதே. கையெழுத்து விழுந்தபின் என்னவும் சொல் என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். அவர் மேல் பழியைப் போடமாட்டேன். அவர் சொல்லும் முன்பே என் மனதிலும் அதுதான் இருந்தது.

வியாழன் மதியம் கையெழுத்து விழுந்தது. அரை மணி நேரத்தில் இரண்டு கிராப்பையும் சுற்றறிக்கையையும் எடுத்துக்கொண்டு பெரிய துரையிடம் போனேன். அவர் முகம் சிவந்தது, ஆனால் ஏசவில்லை. மூடும் உத்தரவை ரத்துச் செய்து கடிதம் எழுதித் தந்தார். இதை எப்போது கண்டுபிடித்தாய் என்று அவர் கேட்கவில்லை.

அந்தோனி கேட்டார். அன்று பின்னேரமே நான் கொண்டுபோன கடிதத்தைக் கவுண்டரில் வைத்தபடி கேட்டார்.

“உமக்கு எப்ப தெரியும்?”

“திங்கட்கிழமை. இதில நிக்கேக்கயே தெரிஞ்சது.”

அவர் கடிதத்தை மடித்தார்.

“நேற்று மூத்தவளைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டினனான். இனிக் காசு கட்ட வழியில்லை எண்டு கன்னியர் மடத்து மதரிட்டச் சொல்லிப்போட்டு வந்தனான். காத்துக்கொண்டிருந்த வேற பிள்ளைக்கு இண்டைக்குக் காலமை அந்த இடத்தைக் குடுத்திட்டினம்.”

நான் போய் மதரிடம் கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஆனாலும் மறுநாள் போனேன். வகுப்பில் இடமில்லை. அந்தோனியின் மகள் கோயிலடித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

கிளை தப்பியது. அடுத்த காலாண்டிலிருந்து ஒவ்வொரு கவுண்டரும் எத்தனை சொல் அனுப்பியது என்று தனி நிரல் ஒன்று சேர்த்தேன். அதில் கோட்டைக்கு அடுத்து நின்றது கொட்டாஞ்சேனைதான். அந்தோனி பல வருடம் அங்கேயே இருந்தார். சம்பள நாளில் வருவார், கையெழுத்துப் போடுவார், போவார். நான் தேநீர்க் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு கிளையைப் பற்றி எழுதுமுன் அதன் கவுண்டரில் அரைநாள் போய் நில்லுங்கள். எழுதியதில் பிழை என்று தெரிந்தால், தெரிந்த அன்றே சொல்லுங்கள். நான் நிரந்தரமானது ஒரு வியாழக்கிழமை. அந்தோனியின் மகள் பள்ளிக்கூடத்தை விட்டது அதற்கு முதல்நாள், புதன்கிழமை.