சொன்னதற்குக் கூலி

ஆரின் பெல்கியிடம் யாரும் ஒருநாளும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. "இதைச் சொன்னதுக்கு உனக்கு எவ்வளவு தரணும்?" முப்பத்தொரு வருடம் அவர் மெய்ன் மாநிலத்தில் வெஸ்ட் ஹார்லோவிலும் பக்கத்து ஊர்களிலும் செப்டிக் டேங்க் காலி செய்தவர். லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, குழாயை இழுத்துப் போட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்தால் மறுபேச்சில்லாமல் காசோலை எழுதுவார்கள். அதே ஆள் வாசலில் நின்றபடியே, "லாரியே வேண்டாம், தொட்டி நன்றாக இருக்கிறது, சமையலறைக் குழாயில்தான் கொழுப்பு அடைத்திருக்கிறது" என்று சொல்லி அவர்களுக்கு முந்நூறு டாலரை மிச்சப்படுத்தினால், கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பிவிடுவார்கள். கை அழுக்கானால்தான் கூலி. வாயால் சொன்னால் அது ஊர்ச் சொத்து.

இதில் அவருக்கு அடங்காத எரிச்சல். மாதத்தின் முதல் சனிக்கிழமை சர்ச் கீழ்த்தளத்தில் பயறு விருந்து நடக்கும். வெல்லப்பாகில் நாள் முழுக்க வெந்த பயறும் பன்றிக்கறியும் தட்டில் விழுவதற்குள் யாராவது ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்து, தன் வீட்டுக் கழிப்பறை எப்படிச் சத்தம் போடுகிறது என்று வாயாலேயே செய்து காட்டுவார். அவருடைய மனைவி நோரீன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவாள். ஆரின் திட்டிக்கொண்டே பதில் சொல்வார். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவருக்கு வராது. அதுதான் அவருடைய வியாதி.

ஐம்பத்தைந்தாவது வயதில் முதுகு போயிற்று. குழாயைத் தூக்கினால் கால் மரத்துவிடும், அடுத்த முறை அறுவைச் சிகிச்சைதான் என்றார் மருத்துவர். லாரியை லைல் ஸ்டோவர் என்ற உள்ளூர்க்காரனுக்கு விற்றார். லைல் நல்ல வேலைக்காரன். ஆனால் வாய் கொஞ்சம் அதிகம். நோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஆரின் வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஆறு வாரத்தில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கணினி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படத்தை அனுப்பக் கற்றுக்கொண்டிருந்த இடத்தில் ஆரின் இணையதளம் அமைக்கக் கற்றுக்கொண்டார். முப்பத்தொரு வருடத்தில் தெரிந்துகொண்டதை எல்லாம் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார். புதைந்த மூடியை எப்படிக் கண்டுபிடிப்பது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏன் காலி செய்ய வேண்டும். தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை மண் குடிக்கும் இடத்தின்மேல் பனிக்காலத்தில் ஏன் வண்டி ஓட்டக்கூடாது. மொத்தம் எண்பத்து நான்கு பக்கங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மஞ்சள் கையுறையோடு அவரே நிற்கும் படம்.

பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் போட ஒரு நிறுவனத்துக்கு இடம் விட்டார். ஆட்கள் வந்து படிக்கப் படிக்க, விளம்பரத்தைத் தொட்டு வாங்க வாங்க, சிறுதொகை சேரும். முதல் வருடம் அது நாய்க்குத் தீனி வாங்கக்கூடப் போதவில்லை. மூன்றாம் வருடம் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கும் அவருடைய முதுகு மாத்திரைக்கும் ஆயிற்று. ஒஹாயோவிலிருந்தும் ஆல்பர்ட்டாவிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், சரியாயிடுச்சு." ஆரின் அந்தக் கடிதங்களை நோரீனுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். சொன்னதற்குக் கூலி வந்துவிட்டது என்றே நம்பினார்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தது நீலப் பெட்டி. மாதம் ஒரு பொட்டலம் பொடியைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டால் போதும், வாழ்நாள் முழுக்கத் தொட்டியைக் காலி செய்யவே வேண்டாம் என்று அதன் மேல் எழுதியிருக்கும். சுத்தப் புரட்டு. ஆரின் அதைப் பற்றித் தனிப் பக்கமே எழுதியிருந்தார். 'தொட்டிக்குப் பொடி போடலாமா?' என்பது தலைப்பு. பக்கத்தில் என்ன சொல் அதிகம் வருகிறதோ அதற்கேற்ற விளம்பரத்தை அந்த நிறுவனத்தின் யந்திரம் கொண்டுவந்து ஒட்டும். பொடி பொடி என்று நாற்பது தடவை எழுதிய பக்கத்தில், மஞ்சள் கையுறை ஆரினுக்குப் பக்கத்திலேயே நீலப் பெட்டி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் அதைத் தடுத்தார். மறுவாரம் அதே பொடி பச்சைப் பெட்டியில் வந்தது. அதையும் தடுத்தார். வேறு பெயரில் திரும்ப நீலத்திலேயே வந்தது. நிறுவனத்துக்கு எழுதினார். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். அதே முக்கியம் மறுபடி வந்தது. ஆள் யாராவது பேசுவார்களா என்று தொலைபேசி எண்ணைத் தேடி அரைநாள் அலைந்தார். எண்ணே கிடையாது.

"ஒருத்தன் மூஞ்சிகூடத் தெரியல நோரீன். யாரைப் போய்த் திட்டுறது?"

"அந்தப் பக்கத்துல விளம்பரமே வேணாம்னு எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்தா மாச வரும்படியில பாதி போயிடும். அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் வந்து பாக்கிறாங்க."

நோரீன் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். "அப்ப விட்டுடு. நீதான் கீழ வாங்காதேன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கியே. அதுக்கு மேலயும் வாங்குறவன் முட்டாள்."

இந்தப் பதில்தான் அவருக்கு வேண்டியிருந்தது. படிக்கிறவன் வாங்கமாட்டான், வாங்குகிறவன் படிப்பதில்லை, நமக்கென்ன என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டார். அப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

நவம்பர் கடைசியில், நன்றியறிதல் நாள் விருந்துக்கு மறுநாள் காலை மேவிஸ் கார்மியர் கூப்பிட்டார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் எழுபத்தொரு வயது விதவை. ஆரினின் கல்யாணத்துக்கு கேக் செய்தவர். அவர் வீட்டில் பிள்ளைகளும் மருமக்களுமாகப் பதினாறு பேர் வான்கோழி தின்றிருந்தார்கள். இப்போது குளியல் தொட்டியில் கறுப்புத் தண்ணீர் மேலேறி நிற்கிறது.

லைல் லாரியோடு வந்தான். ஆரின் கோலை ஊன்றிக்கொண்டு கூடப் போனார். மூடி எங்கே என்று காட்ட அவரை விட்டால் ஆளில்லை.

"வாங்க வாத்தியாரே," என்றான் லைல். "இதுக்கு எத்தனாம் பக்கம்?"

"மூடிட்டு மூடியைத் திற."

திறந்தார்கள். லைலின் சிரிப்பு நின்றுவிட்டது. தொட்டி விளிம்புவரை கெட்டியாக நிரம்பியிருந்தது. ஆரின் கோலால் குத்திப் பார்த்தார். உள்ளே இறங்க மறுத்தது. பிறகு வீட்டுக்குப் பின்னால் சரிவில் நடந்தார். பனி இன்னும் மூடாத புல், பாதத்தின் கீழ் சொதசொதவென்று அமுங்கியது. நாற்றம் எழுந்தது. கசடு வழிந்து போய் மண்ணின் வாயை அடைத்துவிட்டது. இனி அந்த இடம் ஒரு சொட்டுக் குடிக்காது. தோண்டி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும். பதினைந்தாயிரம் டாலருக்குக் குறையாது.

"மேவிஸ், கடைசியா எப்ப காலி பண்ணீங்க?"

"நீ பண்ணதுதான். ஒன்பது வருஷம் இருக்கும்."

"ஒன்பதா? நான் நின்னப்புறம் லைலைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிடணும்னுதான் இருந்தேன். அப்புறம்தான் இது தேவையில்லைன்னு ஆச்சே." மேவிஸ் உள்ளே போய்ச் சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினார். நீலப் பெட்டிகள் ஆறு, உடைக்காமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "மாசம் தவறாம போட்டேன். ஒரு மாசம்கூட விடல."

"இதை யாரு வாங்கச் சொன்னது?"

"நீதான்."

"நானா?"

"உன் பக்கத்துலதான் வாங்கினேன். மேல உன் படம், மஞ்சள் கையுறை. பக்கத்துலயே இந்தப் பெட்டி. கண்ட கடையில வாங்குறதுக்கு நம்ம ஆரின்கிட்ட வாங்கினா உனக்கும் நாலு காசு வரும்னு நெனச்சேன்."

"கீழ எழுதியிருந்தேனே மேவிஸ். வாங்காதீங்கன்னு நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தேனே."

"அவ்வளவு தூரம் யாருப்பா படிக்கிறது? நீ வெச்சிருக்கிற பொருள் தப்பா இருக்குமா?"

லைல் குழாயை மாட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த ஆரின் கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்தார். நீலம், பச்சை, குழாய் சுத்தம் செய்யும் திரவம், காப்பீடு, எல்லா விளம்பரத்தையும் எண்பத்து நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்தார். எத்தனை எழுதியும் ஒழுங்காகப் பதில் சொல்லாத நிறுவனம் ஐந்து நிமிடத்தில் பதில் அனுப்பியது: 'நீங்கள் போவதில் வருந்துகிறோம். ஒரே சொடுக்கில் திரும்ப வரலாம்.' ஆரின் திரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். நோரீன் கேட்டும் கேட்காததுபோல இருந்தாள்.

பிறகு முகப்பில் எழுதினார். 'இந்தப் பக்கத்தில் வந்த விளம்பரத்தை நம்பி என் அண்டைவீட்டார் ஒருவரின் நிலம் கெட்டது. அதில் எனக்கும் பங்கு வந்தது. இனி இங்கே எதுவும் விற்கப்படாது.' அதற்குக் கீழே இன்னொன்று: 'உங்கள் தொட்டியின் படத்தை அனுப்புங்கள். பார்த்து என்ன செய்வதென்று சொல்கிறேன். இருபது டாலர்.'

ஒரு வாரத்தில் முப்பது படங்கள் வந்தன. இருபது டாலர் ஒருவரும் அனுப்பவில்லை. "சின்னக் கேள்விதான்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள். டெக்சாஸ்காரன் ஒருவன், "இவ்வளவு நாள் பொடிக்காரனிடம் காசு வாங்கியவன் இனி எங்களிடமா?" என்று எழுதினான். அந்த ஒரு கடிதத்தை மட்டும் ஆரின் இரண்டு தடவை படித்தார். அவன் சொன்னதில் என்ன தப்பு?

டிசம்பர் விருந்தில் லைல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான். "தெரியுமா, வாத்தியார் இப்ப வாயைத் திறந்தா இருபது டாலர்."

"சும்மா பாத்துச் சொல்றதுக்கா?" என்றார் எதிரில் இருந்த மர வியாபாரி. சிரித்துவிட்டு, அதே மூச்சில் தட்டோடு முன்னால் சாய்ந்தார். "அது கிடக்கட்டும் ஆரின், நம்ம வீட்டுத் தொட்டிமேல வைக்கோல் போட்டு மூடலாமா, இல்ல அப்படியே விடலாமா?"

ஆரினுக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி வீசியிருப்பார். நோரீன் மேசைக்கடியில் அவருடைய முழங்காலை அழுத்திப் பிடித்தாள். "போடுங்க," என்றார் ஆரின். "ஒரு அடி கனத்துக்குப் போடுங்க. பனி விழுந்தா தள்ளாதீங்க, அதுவும் போர்வைதான்." வியாதி விடவில்லை.

மறுநாள் மேவிஸ் கூப்பிட்டார். தரை உறைந்து இறுகுவதற்குள் புது இடம் தோண்ட வேண்டும். உரிமம் உள்ள ஆள் ஒருவன் குழி வெட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வருகிறான். அவன் வீட்டு முன்புறம்தான் வசதி என்கிறான். நீ வந்து ஒரு பார்வை பார்.

ஆரின் கோலை ஊன்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அந்த நிலத்தில் நடந்தார். முன்புறம் கூடாது என்றார். பனிக்காலத்தில் உங்கள் மகன் அங்கேதான் பனியை வழித்து எடுத்துவிட்டு, வண்டியை நிறுத்தி, மண்ணை மிதித்து இறுக்குகிறான். பனி மூடாத மண் பாறை மாதிரி உறைந்துவிடும், பிப்ரவரியிலேயே திரும்பவும் குளியல் தொட்டியில் தண்ணீர் ஏறும். கிழக்கே, பழைய ஆப்பிள் மரங்களைத் தாண்டி வெட்டச் சொல்லுங்கள். அங்கே மணல் கலந்த மண். வசந்தத்தில் பனி உருகும்போதுகூடத் தண்ணீர் நிற்காமல் வடிவதை இருபது வருடமாகப் பார்த்திருக்கிறேன். அங்கே என்றால் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி மேடு கட்டவேண்டாம், நாலாயிரம் மிச்சம்.

மேவிஸ் ஒவ்வொன்றையும் உறையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் காசோலைப் புத்தகமும் பேனாவும் இருந்தன. சமையலறை மேசைமேல் அதைத் திறந்து வைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சொல்லு ஆரின். இதைச் சொன்னதுக்கு உனக்கு எவ்வளவு தரணும்?"

ஆரின் கோலை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் வேணாம்."

"ஏன் வேணாம்? இருபது டாலர்னு போட்டிருக்கியே. இந்தத் தடவை கடைசிவரைக்கும் படிச்சேன்." மேவிஸ் பேனாவைத் திறந்து தேதியை எழுத ஆரம்பித்தார். "ஒன்றரை மணி நேரம் குளிர்ல நின்னிருக்கே. நாப்பதாப் போடுறேன்."

"எழுதாதீங்க மேவிஸ்."

"சும்மா இரு. வேலைன்னா வேலைதான்."

"உங்ககிட்ட நான் ஏற்கெனவே வாங்கிட்டேன்," என்றார் ஆரின். "மாசாமாசம் வாங்கியிருக்கேன். ஒவ்வொரு பெட்டிக்கும்."

மேவிஸின் பேனா நின்றது. அந்தம்மாள் அண்ணாந்து அவரைப் பார்த்தார். அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. ஆறு நீலப் பெட்டிகளும் அங்கேயே இருந்தன. ஆரின் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டுப் பைக்குள்ளும் கக்கத்திலும் திணித்துக்கொண்டு வெளியே வந்தார்.