காட்டுப்பூ விற்கிறவளை எப்படி நம்புவது?

செடி வாங்க வருகிறவர்கள் முதலில் இலையைப் பார்ப்பதில்லை. விற்கிறவளின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஏதாவது கடை வைத்து நடத்தியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அதிலும் என்னுடைய சரக்கு ரோஜாவோ அந்தூரியமோ இல்லை. வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள், வாடகை வீட்டின் பக்கவாட்டில், இந்த மண்ணில் தானாக முளைக்கிற காட்டுப்பூக்களை மட்டும் விற்கிறேன். ஒருமுறை நட்டால் வருஷா வருஷம் நின்று பூக்கும் சாதிகள். சும்மா முளைக்கிறதை விலைக்கு விற்கிறவளை யார் நம்புவார்கள்?

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் சிவபாதம் ஐயா ஓய்வுபெற்ற கணக்காளர். ஒருநாள் என் அடப்பங்கொடிச் சட்டிக்கு முன்னால் குனிந்து நின்று, அதன் ஊதாப் பூவை விரலால் தட்டிப் பார்த்தார். "பிள்ளை, இது ரெயில் ரோட்டுக்கு அங்கால, கடல் மணலில படர்ந்து கிடக்கிறதெல்லே? நீர் காலமை காலமை அந்தப் பக்கம் நடக்கப் போறதை நான் பல்கனியில நிண்டு பாக்கிறனான்" என்றார். நான் நடக்கப் போவது என் சீனி வருத்தத்துக்காக, டொக்டர் சொன்னபடி. செடி, இரத்மலானையில் ஒரு சிநேகிதியின் வளவில் வெட்டிய தண்டில் வந்தது. சொன்னேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை.

மறுநாள் காலை அவர் குடையோடு கடற்கரைக்குப் போனார். திரும்பும்போது குடைக்குள் ஒரு முழக் கொடி. அடியில் ஓட்டையில்லாத சட்டியில் நட்டு, மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மணலில் கிடந்து வெயில் காய்ந்த கொடி அது; அழுகிவிட்டது. அடுத்த கிழமை என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "சரி, உம்மடையில ஒண்டைத் தாரும். நீர் களவெடுத்தாத்தான் அது வளரும் போல கிடக்கு."

காலையில் நீலம்

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்தவர் பிலோமினா அன்ரி. வீட்டு வாசலில் மாதா சுரூபம் வைத்திருக்கிறார். அதன் காலடியில், மாதாவின் முக்காட்டு நிறத்தில் பூக்கிற ஏதாவது வேண்டும் என்றார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது விஷ்ணுகிரந்தி. தரையோடு படரும், பொட்டுப் பொட்டாக நீலம். ஆனால் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "நீலப்பூ அன்ரி" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

சில நாளில் தொலைபேசி வந்தது. காலையில் பூத்திருக்கிறதாம், மத்தியானம் பார்த்தால் ஒன்றுகூட இல்லையாம். பக்கத்து வீட்டு அம்மா தன் சாமி படத்துக்குப் பிடுங்குகிறார் என்பது அன்ரியின் சந்தேகம். வெயில் ஏற ஏற அது தானாகவே சுருண்டுவிடும் என்று சொன்னேன். நம்பாமல், ஒருநாள் காலை முழுக்க வாசலில் கதிரை போட்டுக் காவல் இருந்திருக்கிறார். அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு அம்மா, "விஷ்ணுகிரந்தி அப்படித்தானே" என்று பெயரைப் போட்டு உடைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அன்ரி நேரே என்னிடம் வந்து நின்றார். செடியைத் திருப்பித் தரப் போகிறார் என்று நினைத்தேன். கைப்பையைத் திறக்கவில்லை, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ரெண்டு சட்டி தாங்க. மாதாவுக்குத் தெரியும், அவங்க ஒண்ணும் சொல்லல்ல. ஃபாதருக்கு மட்டும் நீங்க சொல்லிப் போடாதீங்க."

கைப்பை

சந்தேகம் வாடிக்கையாளருக்கு மட்டும் சொந்தமில்லை. காலி வீதி மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண் சனிக்கிழமைகளில் வருவாள். எல்லாவற்றையும் பார்ப்பாள், ஒன்றும் வாங்க மாட்டாள். போகும்போது கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் சுணங்குவாள். ஒருநாள் கதவிடுக்கால் பார்த்தேன். காய்ந்த விதைக் காய்களைக் கிள்ளி, டிஷூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைக்கிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, அந்த பேக்கைக் கொஞ்சம் திறவும்" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சிவந்தது. திறக்கவில்லை, "என்னோட வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனாள். ஒழுங்கை முடிவில், ரெயில் பாதை மதிலோரத்தில், குப்பை கொட்டுகிற ஒரு துண்டு நிலம். அங்கே யோகட் கப்புகளுக்கு நடுவில் கனகாம்பரக் கன்றுகள் வரிசையாக நின்றன. இரண்டு பூத்தும் இருந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கேட்டிருந்தால் சும்மா தந்திருப்பேனே" என்றேன். "கேட்டா, எங்க நடப்போறீர் எண்டு கேப்பியள். அதுக்கு என்னட்டப் பதில் இல்லை, அக்கா."

இலை போதும்

நவம்பர் மழை. கார்த்திகைப்பூக் கொடி, கிழங்கிலிருந்து எழும்பிப் பூக்கிற காலம். சிங்களவர்கள் நியங்கலா என்பார்கள். காட்டில் அது வெறும் கொடிதான். ஆனால் போரில் செத்த போராளிகளை நினைவுகூர்கிற அந்த மாதத்தில், அவர்களுக்கு வைக்கிற அந்தப் பூவை, ஒரு தமிழச்சி விற்றால் அதற்குப் பூவைத் தவிர வேறு அர்த்தமும் வந்துவிடுகிறது. முந்திய வருஷம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, இதை யார் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டார்கள். தாங்கள் யாரென்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சட்டியை அறைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

ஒட்ட வெட்டிய தலைமயிர், மடிப்புக் குலையாத சேர்ட்டோடு ஒருவர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கார்த்திகைப்பூக் கொடி ஈக்கா?" என்று முஸ்லிம் ஆட்களின் பேச்சில் கேட்டார். "இல்லை" என்றேன். கதவு காற்றில் அசைந்தது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு பூ. அவர் பார்த்தார், அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார். "இண்டைக்கே பிடுங்கி எறி" என்றார் என் கணவர். மண்ணைக் கிளறிவிட்டு, மனம் வராமல் கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் அதே ஆள் பள்ளிக்கூடப் பையோடு வந்தார். விஞ்ஞான ஆசிரியராம். கொடிகள் எப்படிப் பற்றி ஏறுகின்றன என்று பாடம். இந்தக் கொடிக்கு இலை நுனியே சுருண்டு பிடிக்குமாம், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். "பின்னே ஏன் நேற்று ஒன்றும் சொல்லாமல் போனீர்கள்?" என்றேன். "இல்லன்டு சென்னீங்க, ஆனா உள்ளுக்கு ஈந்திச்சு. சீஐடி வெச்ச கடையோன்டு பயந்து போனன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்; சத்தம் வராமல்தான் சிரித்தோம். கிழங்கு நஞ்சு, பிள்ளைகள் கை வைக்காமல் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். படலைவரை போனவர் தெருவைப் பார்த்தார், திரும்பி வந்தார். "மிஸ், பூ ரெண்டையும் வெட்டிட்டுத் தாங்க. இலை போதும், பாடம் அதிலதான் ஈக்கு."

இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: எங்கள் மண்ணில் ஒரு பூ யாரையும் கேட்காமல் முளைத்துவிடலாம், ஆனால் அதை ஒரு சட்டியில் வைத்துத் தெருவால் கொண்டுபோகிறவர்தான் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.