புளியமரம் இருந்த இடம்

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில், எங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள தொழிற்சாலையில் அந்த அக்கா துப்புரவு வேலை பார்த்தார். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் கம்பெனியின் பச்சைக் கோட்டு. சனிக்கிழமைகளில் சரக்கு அடுக்கும் பேலட்டுகளின் உடைந்த பலகைகளைச் சுமந்து வந்து, என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைனாக்கூடு செய்யச் சொல்லித் தருவார். உதடுகளில் ஆணிகளை இடுக்கிக்கொண்டேதான் பேசுவார்.

கார் நிறுத்த இடம் வேண்டுமென்று தொழிற்சாலையில் இருந்த புளியமரத்தை வெட்டினார்கள். பொந்திலிருந்து விழுந்து செத்த மைனாக்குஞ்சுகளை அள்ளிக் குப்பையில் போட வைத்தது இவரைத்தான்.

சுற்றுச்சூழல் தினத்தன்று அந்தத் தொழிற்சாலை மேனேஜர் பள்ளிக்கு வந்து, கூடுகளோடு படம் எடுத்துக்கொண்டார். இவர் பணிவாகக் கேட்டார்: “சார், இதுங்கள நம்ம பார்க்கிங் கம்பத்துலயே கட்டிரலாங்களா?”

எல்லோர் முன்னாலும் மேனேஜர் பெருமையாகத் தலையாட்டினார்.

மைனாக்கள் குடிவந்தன. மேனேஜரின் கறுப்புக் கார் தினமும் எச்சத்தில் வெளுத்தது. கூடுகளைக் கழற்றவும் வழியில்லை. அந்தப் படத்தைத்தான் ரிசப்ஷனில் பெரிதாக மாட்டியிருந்தார்களே!

“கடைசியில காரைத் தொடைக்கிறது நீங்கதானேக்கா?” என்று கேட்டேன்.

ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். “நான்தான் டீச்சர். மத்தியானம் அவரு சாப்பாட்டுக்குக் கெளம்பறப்பதான் தொடைப்பேன். மெதுவாத்தான் தொடைப்பேன். முடியற வரைக்கும் அவரு பக்கத்துலயே நிக்கணுமில்ல? நிக்கறதுக்கு அங்க நெழலு ஏது?”

அடுத்த கூட்டுக்குப் பலகை எடுத்தார். ஆணி அடிக்க வாகாக, அதை நான் பிடித்துக்கொண்டேன்.