சூடேறினால் நின்றுவிடும் வண்டி

அத்தையின் பிக்கப் வண்டி எங்கள் தாமான் குடியிருப்புக்குள் தானாக ஓடி வரவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். முனைச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பின்னால் நின்று தள்ள, அத்தை மட்டும் உள்ளே உட்கார்ந்து, சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்" என்று உற்சாகப்படுத்திக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டு வாசலில் பிரேக் போட்டு இறங்கியவர் தள்ளியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். சிலருக்குத் தமிழில், சிலருக்கு மலாயில், ஒரு சீனப் பெரியவருக்கு ஹொக்கியனில். ஏதோ ஒரு திருமணத்துக்கு வந்து இறங்கியவரைப் போல இருந்தது அவர் முகம்.

அத்தை என் அப்பாவின் அக்கா. நாங்கள் பத்து பாகாட் நகரில் இருந்தோம், அவர் தொலைவில் சிகாமட்டில் இருந்தார். மாமாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். சிகாமட் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை வாங்கி, எண்ணெய் ஆலையில் கொண்டுபோய்க் கொடுப்பது அத்தையின் தொழில். ஏற்றி இறக்க ஆள் கிடைத்தால் ஆளோடு போவார், கிடைக்காத நாளில் தனியாகவே போவார். மழை பெய்து ஊறிக் கிடக்கும் செம்மண் பாதையில், குலைகள் குவிந்த வண்டியைப் பின்னோக்கி எடுத்து, வாய்க்காலின் மேல் போட்ட இரண்டு பலகைகள்மீது நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். ஒருமுறை பள்ளி விடுமுறையில் அதைப் பார்த்த நான் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோயிருந்தது. அப்பா ஒரு துணித் தொழிற்சாலையில் தறிகளைப் பழுதுபார்ப்பவராக இருந்தார். அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். முதலில் கொஞ்ச நாள் அப்பா வேலை தேடினார். பிறகு கொஞ்ச நாள் தேடுவதாகச் சொன்னார். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பார். அம்மா ஒரு பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். காலையில் அவர் மூடி வைத்துவிட்டுப் போகும் சோறு, மாலையில் அவர் திரும்பும்போதும் மூடியபடியே இருக்கும். நானும் அம்மாவும் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கப் பழகிவிட்டோம்.

அத்தைக்கு அப்படி நடக்கத் தெரியாது. செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிட்டார்.

"சூடாச்சின்னா நின்னுடுது தம்பி. ஆறுனா ஓடுது. பம்பத் தூக்கிப் போட்டுட்டு மேனுவல் பம்பு மாத்திடுங்கன்னு சொல்றாங்க. மாத்தலாமா வேணாமா, நீதான் பாத்துச் சொல்லணும்."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சிகாமட்ல பட்டறையே இல்லையாக்கா?"

"இருக்கு. ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க."

"நான் தறி பாத்தவன். வண்டி பாத்தவன் இல்ல."

"ரெண்டும் சுத்தறதுதானே லா" என்றார் அத்தை. அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

வெங்காயம் உரித்து, குழம்பும் கொதித்து இறக்கிய பிறகுதான் கூடத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அப்பா வாசலில் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கையில் கரண்டியோடு வந்து என் பின்னால் நின்றார். அத்தை மட்டும் எழுந்து வரவில்லை.

பம்பு என்றால் டீசலை அளந்து, அழுத்தி, இயந்திரத்துக்குள் பீய்ச்சுகிற பம்பு. அத்தையின் வண்டியில் இருந்தது ஒரு கணினிப் பெட்டியின் சொல்கேட்டு வேலை செய்வது. அதைக் கழற்றிவிட்டு, காலால் மிதித்தால் கம்பி இழுத்து வேலை செய்கிற பழைய வகைப் பம்பைப் பொருத்துவதைத்தான் மேனுவல் மாற்றுவது என்றார்கள். இதெல்லாம் மறுநாள் காலை வண்டியில் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்து போகும்போது நான் தெரிந்துகொண்டது. அப்பா அன்று முகச்சவரம் செய்திருந்தார்.

வண்டி நிற்கும்வரை ஓட்டச் சொன்னார் அப்பா. அத்தை கடலோரச் சாலையில் ஓட்டினார். வெயில் ஏறியது. ஒரு குளிர்பானக் கடையைத் தாண்டும்போது வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. அத்தை சாவியைத் திருப்பிப் பார்த்தார். இயந்திரம் சுற்றியதே தவிர பற்றிக்கொள்ளவில்லை. அப்பா தேடிக்கொண்டிருந்த பொருள் கிடைத்தவரைப் போல இறங்கி, கடைக்காரப் பெண்ணிடம் ஒரு பை நிறைய ஐஸ் வாங்கி வந்தார்.

முதலில் ஐஸ் பையைக் கணினிப் பெட்டியின் மேல் வைத்தார். கொஞ்சம் பொறுத்து, "எடுக்கா" என்றார். வண்டி கிளம்பவில்லை. பிறகு ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி, அதன்மேல் ஐஸை வைத்தார். நாங்கள் மூவரும் தாழை மணக்கும் பாண்டான் பானம் ஆளுக்கொன்று குடித்தோம். "இப்ப எடு."

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. "பம்புதான் உள்ள தேஞ்சிருக்கு. சூட்டுல டீசல் தண்ணியாட்டம் ஆயிடுது, அந்த இடுக்குல ஒழுகிடுது. அழுத்தம் ஏற மாட்டேங்குது."

"அப்ப மாத்திடலாமா?"

"அவசரப்படாத. தேஞ்சத மட்டும் மாத்தறதா, ஆளையே மாத்தறதா, அதப் பாக்கணும்."

அதற்குப் பிறகு அப்பா பார்த்த பார்வை இருக்கிறதே, என் வாழ்க்கையில் அதன்பிறகு வீடு வாங்கியவர்களையும் பெண் பார்த்தவர்களையும் பார்த்துவிட்டேன், ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. டீசல் பம்புகளை மட்டுமே பழுதுபார்க்கும் ஒரு சீனர் கடைக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கே பம்பை ஒரு மேசையில் மாட்டிச் சுழலவிட்டால், வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறும். எல்லாக் குழாய்களிலும் ஒரே மட்டத்துக்கு ஏறினால் நல்ல பம்பு. தேய்ந்த உட்பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் கடை முதலாளியான தவுக்கே. மேனுவல் பம்பு ஒன்று அலமாரியிலேயே இருந்தது. அதை மேசையில் மாட்டி ஓட்டிக் காட்டினார். அப்பா குழாய்களுக்கு நேராகக் கண்ணை வைத்துக் குனிந்தபடி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். முதலில் நின்றுகொண்டே பதில் சொன்ன தவுக்கே, பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தனக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

அவர் சொல்லித்தான், ஏற்கெனவே பம்பு மாற்றியிருந்த ஒரு மீன் வண்டிக்காரரைத் தேடிப் போனோம். வயதான மலாய்க்காரர். அப்பா தன் வெள்ளைக் கைக்குட்டையை அவருடைய வண்டியின் புகைக்குழாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, மிதிக்கச் சொன்னார். கைக்குட்டையில் கறுப்பு வட்டம் ஒன்று விழுந்தது. அதை அத்தையிடம் கொடுத்து, "இது உனக்கும் வரும்" என்றார். பிறகு மீன் பெட்டிகளோடு மேட்டில் ஏற்றிக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். மேட்டின் பாதியில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். அந்தப் பெரியவர் சலிக்காமல் செய்தார். டீசல் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், சத்தம் போடும், ஆனால் ஒரு நாளும் தன்னை வழியில் இறக்கிவிட்டதில்லை என்று மனைவியைப் பற்றிப் பேசுவதுபோல மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அன்றைய இரவுச் சாப்பாட்டில் உப்புப் புட்டி கணினிப் பம்பாகவும், ஊறுகாய்ப் புட்டி மேனுவல் பம்பாகவும் ஆயின. அப்பா இரண்டையும் மாற்றி மாற்றித் தன் பக்கம் இழுத்தார்.

"இதுல புகை இல்ல, எண்ணெயும் மிச்சம். அதுல ரெண்டும் நட்டம். ஆனா நீ போறது எங்க? தோட்டத்துக்குள்ள. போன் லைன் கெடைக்குதா?"

"மரத்துல ஏறுனா கெடைக்கும்" என்றார் அத்தை.

"மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி ரோட்டுக்கு வரும். பெட்டி நனைஞ்சா அதோட சரி. மேனுவல்ல கெடறதுக்கு ஒன்னும் இல்ல. டீசல் கொழாயில காத்து பூந்துச்சின்னா நீயே ஸ்பேனர் போட்டு எடுத்துட்டு வந்துடலாம். பளுவோட தனியா நிக்கக் கூடாதுக்கா நீ. மாத்திடுவோம்." ஊறுகாய்ப் புட்டி அத்தையின் தட்டுக்கு அருகே போய் நின்றது.

"நீ சொன்னா சரி" என்றார் அத்தை.

அம்மா சாப்பிடாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் மூன்றாவது முறையாகச் சோறு போட்டுக்கொண்டதை அப்பா கவனிக்கவில்லை.

எங்கள் வீட்டு முன்புறத்திலேயே வேலை நடந்தது. பழைய பம்பு இறங்கியது, புதிய பம்பு ஏறியது, மிதிக்கும் பலகையிலிருந்து கம்பி இழுத்தார், குழாய்களை வளைத்தார். கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியிலிருந்து தறிக்கான கருவிகளெல்லாம் வெளியே வந்தன. எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பியதும் பயங்கரமான சத்தம் வந்தது. தகர டின்னுக்குள் கல்லைப் போட்டு யாரோ குலுக்குவது போல. அக்கம்பக்கத்தில் சன்னல்கள் திறந்தன. அப்பா உடனே அணைத்தார். மறுபடி கிளப்பினார். அதே சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தொலைக்காட்சியைப் போட்டார். சத்தத்தை அணைத்தார்.

அம்மா என் கையைப் பிடித்தார். அந்தப் பிடி வலித்தது.

அத்தை அப்பாவின் பின்னால் போகவில்லை. வாசலில் நின்றபடியே யாருக்கோ போன் செய்து, "இன்னைக்கு வரல. நாளைக்கும் வருவனான்னு தெரியல. குலைய வேற ஆளுக்குக் குடுத்துடுங்க, பரவால்ல" என்றார். அது அந்த வாரத்துச் சரக்கு முழுவதும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. பிறகு சமையலறைக்குப் போய், முட்டை உடைத்துப் போட்டு மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டினார். ஒரு தட்டைக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்தார். தானும் ஒரு தட்டோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

தட்டில் பாதி காலியானது. பிறகு, உப்பு போதுமா என்று கேட்கும் குரலில், "சத்தம் டைமிங் முன்னாடி போனதாலயா தம்பி, பின்னாடி போனதாலயா?" என்றார்.

அப்பா மென்றுகொண்டே இருந்தார். மெல்வது நின்றது. "முன்னாடி" என்றார் மெதுவாக. "பீய்ச்சறது முந்திக்குது." தட்டை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்தார்.

பம்பின் திருகுகளைத் தளர்த்தி, இரண்டு கைகளாலும் பிடித்து, பாலடை பிடித்துக் குழந்தையின் வாயைத் திருப்புவதைப் போல அத்தனை மெதுவாக அதைத் திருப்பினார். திருகை இறுக்கினார். அத்தை சாவியைப் போட்டார். வெள்ளைப் புகை ஒன்று எழுந்து வீட்டையே மூடியது. புகை விலகியபோது வண்டி தாளம் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா முன்மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மேட்டிலும் வெயிலிலும் மாலைவரை ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

மறுநாள் அத்தை கிளம்பிப் போனார். போகும்போது தெரு முழுவதும் கறுப்பாக ஊதிவிட்டுத்தான் போனார். அப்பா வாசலில் நின்று அந்தப் புகையைப் பெருமையாகப் பார்த்தார்.

ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் அத்தை மறுபடியும் வந்துவிட்டார். இந்தமுறை கிளட்ச். அதைச் சரிசெய்து அனுப்பினால், பிரேக் இழுக்கிறது என்று வந்தார். பிறகு அவரோடு ஆலையில் பழக்கமான ஒரு சீனப் பெண்மணியின் லாரி வந்தது. அதற்கடுத்து, தெப்ராவிலிருந்து மாமாவின் நண்பர் ஒருவருடைய வேன். வழியில் இருக்கும் அத்தனை பட்டறைகளையும் நன்றாகவே தாண்டி வந்து, எங்கள் வாசலில்தான் எல்லா வண்டிகளும் படுத்துக்கொண்டன. அப்பா முன்புறத்தில் தகரக் கூரை போட்டார். அம்மா பேரங்காடி வேலையிலிருந்து நேராக வந்து, அவருக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு டயரின்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

எனக்கோ அத்தையை நினைத்தால் பாவமாக இருந்தது. அந்த வருடம் டீசல் வண்டிகளுக்கெல்லாம் ஏதோ தொற்று நோய் வந்திருக்கிறது என்றே நம்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றதைப் பார்த்து, என்ன வேண்டிக்கொண்டாய் என்று அம்மா கேட்டார். அத்தையின் வண்டி இனிமேல் ஒருநாளும் கெடக்கூடாது என்று வேண்டிக்கொண்டதைச் சொன்னேன்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "அத மட்டும் வேண்டாதம்மா. போய், வேணாம்னு சாமிகிட்ட சொல்லிட்டு வா" என்றார்.

எங்களை நம்பி இவ்வளவு தூரம் வந்துபோகிற அத்தையின்மேல் அம்மாவுக்கு அப்படி என்னதான் கோபமோ என்று நினைத்தபடி, நான் திரும்பிப் போய் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.