விளம்பரத்தில் என் மகள்

சனிக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் இருக்கும் என் கணவரின் அக்கா பேசினார்.

"பேப்பர் பாத்தியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"எட்டாம் பக்கம் பாரு. ஒன் மக எங்க கம்ப்யூட்டருக்கு முன்னால ஒக்காந்திருக்கா. சிரிக்கிறா வேற!"

'எங்க' என்ற சொல்லை அவர் அழுத்தியதில் ஓராண்டுச் சண்டை இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வாங்கி வைக்கலாம் என்பதே புதுச் செய்தியாக இருந்த காலம். எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு நிறத்தில், ஒரு பாடப்புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிதாக, ரப்பர் விசைகளோடு இருக்கும். அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் மாட்ட வேண்டும். எழுதிய புரோகிராமைக் காசெட்டில் பதிந்து வைக்க வேண்டும். அண்ணி வீட்டில் இருந்தது வேறு கம்பெனியின் சாம்பல் நிறக் கம்ப்யூட்டர். டைப்ரைட்டரைப் போல நிஜமான விசைகள், கூடுதல் நினைவகம், நல்ல கனம். இதன் காசெட் அதில் ஓடாது. அதனுடையது இதில் ஓடாது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு அண்ணியின் மகனும் என் மகளும் எது உசத்தி என்று வாதாடி, கடைசியில் இருவரும் சாப்பிடாமலே எழுந்து போனார்கள்.

இந்தச் சண்டைக்கு எண்ணெய் ஊற்றியவை சனிக்கிழமை விளம்பரங்கள். பட்டணத்தில் ஒரே வணிக வளாகத்தில் இரண்டு கடைகள் எதிரெதிரே இருந்தன. ஒன்று கறுப்பை விற்றது, மற்றது சாம்பலை. ஒரு வாரம் சாம்பல் கடை, 'விரலுக்கு விசை வேண்டும், அழிரப்பர் அல்ல' என்று ஆங்கிலப் பத்திரிகையில் போடும். மறுவாரம் கறுப்புக் கடை, 'மூளையை வாங்குங்கள், எடையை அல்ல' என்று திருப்பிக் கொடுக்கும். இரண்டு கடைகளும் ஒத்துப்போன ஒரே இடம் எங்களை மிரட்டுவதில்தான். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை தொடங்கிவிட்டது. உங்கள் பிள்ளை?' அந்த வரி எனக்காகவே எழுதப்பட்டது. எதற்கெடுத்தாலும் பதறுகிற தாய் நான். மழை பெய்தால் பஸ்ஸை நினைத்துப் பதறுவேன், பெய்யாவிட்டால் தண்ணீரை நினைத்து. அந்த வரியைப் படித்த மாதமே கறுப்புப் பெட்டியை வாங்கிவிட்டோம்.

எட்டாம் பக்கத்தைத் திறந்தேன். அரைப் பக்கத்துக்கு என் மகள். பதினான்கு வயது, இரட்டைப் பின்னல், பல் தெரியச் சிரிப்பு, விரல்கள் சாம்பல் நிற விசைகளின் மேல். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் இரண்டே வாக்கியங்கள்:

'கணக்கில் கடைசி. அது போன மாதம்.'

பள்ளியில் இரண்டாம் படிவ வகுப்பின் அரையாண்டுத் தேர்வில் என் மகள் கணக்கில் இரண்டாவது. முதலாவது வந்த பெண்ணுக்கும் இவளுக்கும் இரண்டு மதிப்பெண் வித்தியாசம். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நூலகப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டம் போட்ட நோட்டில் புரோகிராம் எழுதியவள் அவள். அட்டையில் விசைகளை வரைந்து அதில் தட்டிப் பழகியவள். அவளை ஊருக்கெல்லாம் மக்கு என்று அரைப் பக்கத்துக்கு அறிவித்திருந்தார்கள்.

அப்படிச் சொன்னது யார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் அந்த வளாகத்துக்குப் போயிருந்தோம். சாம்பல் கடையின் விற்பனையாளர் நம்மவர், முப்பது வயதிருக்கும், கழுத்தில் டை. 'வந்து தொட்டுப் பாரும்மா' என்று மகளை நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரியின் கம்ப்யூட்டர் என்றாலும் அவளுக்குக் கை துறுதுறுத்தது. பத்து நிமிடத்தில் திரையில் ஒரு வட்டத்தைச் சுழல விட்டாள். யாரோ படம் எடுத்தார்கள். பரிசுக் குலுக்கல் என்று என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். நான் ஒரு கப்பல் அலுவலகத்தில் நாளெல்லாம் படிவம் நிரப்பும் கிராணி. வெற்றிடத்தோடு ஒரு தாளை என்னால் பார்க்க முடியாது. கீழே பொடி எழுத்தில் இருந்த விளம்பரச் சம்மதத்தைப் படிக்காமலே, எல்லாக் கட்டத்தையும் அழகாக நிரப்பிக் கையெழுத்தும் போட்டேன்.

"பொண்ணு படிப்புல எப்படிக்கா?" என்று அந்தத் தம்பி கேட்டார்.

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று பெற்றவள் வாயால் சொல்லக்கூடாது. கண் பட்டுவிடும். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையை 'நோஞ்சான்' என்போம். பரிசு வாங்கிய பிள்ளையை 'ஏதோ பாஸ் பண்ணுது' என்போம். கேட்பவரும் அதைத் தலைகீழாக்கிப் புரிந்துகொள்வார். என் அம்மா அப்படித்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"அவளா? கணக்குல கடைசி, தம்பி. வாய் மட்டும்தான் நீளம்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். அந்தச் சனிக்கிழமை நான் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே, பள்ளிச் சீருடையில் மகள் அறையிலிருந்து வந்தாள். சனிக்கிழமைகளில் அவளுக்குச் சதுரங்கக் கழகம். ஒளித்து வைக்க நேரமில்லை. நின்றபடியே படித்தாள்.

"கடைசின்னு யாரும்மா சொன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான். கண் பட்டுடக்கூடாதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவள் பத்திரிகையை மடித்து மேசையில் வைத்தாள்.

"சரி, வெளிய சொன்னா கண்ணு படும். வீட்டுக்குள்ளயும் ஒரு நாளும் சொன்னதில்லையேம்மா. இங்க யாரு கண்ணு படும்?"

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டாள். இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுதும்போதும் அந்தக் கதவுச் சத்தம் காதில் கேட்கிறது. அவள் கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

என் கணவர் சாய்வு நாற்காலியிலிருந்து, "பெரிசு பண்ணாத. திங்கக்கிழம எல்லாரும் மறந்துருவாங்க" என்றார்.

"அவ மறக்க மாட்டா" என்றேன். புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பட்டணத்தில் கொம்தார் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்து சாம்பல் கடைக்குப் போனபோது பத்தரை. வாசலில் அதே விளம்பரத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். ஆளுயர மகள். அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

"அக்கா! வாங்க, வாங்க! பாத்தீங்களா, எவ்ளோ அழகா வந்திருக்கு!"

"இதுல எழுதியிருக்கிறது பொய், தம்பி."

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? நீங்க சொன்னதுதானே. தாள் இருக்கு லா, கையெழுத்து இருக்கு."

"ஒங்க அம்மா ஒங்களப் பத்தி வெளிய என்ன சொல்வாங்க?"

அவர் டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது வந்து... சோம்பேறி, ஒண்ணுக்கும் ஒதவாதவன்னு சொல்வாங்க."

"அத யாராவது பேப்பர்ல போட்டாங்களா?"

அவருக்குப் புரிந்திருந்தது. அன்றைக்கே புரிந்திருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சீனரோ மலாய்க்காரரோ அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் மன்னித்திருப்பேன். இவர் நம் வீட்டுப் பேச்சைத் தெரிந்தே எழுத்துக்கு எழுத்து எடுத்து விற்றுவிட்டார். அவர் உள்ளே போய் ஒரு ஜாய்ஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"பொண்ணுக்குக் குடுங்கக்கா. ஃப்ரீ."

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இது மாட்டாது. அந்தப் படத்த எடுங்க. கடைசி இல்லன்னு எழுதி அதே எடத்துல ஒட்டுங்க."

"அது என் கையில இல்லக்கா. முதலாளி கோலாலம்பூர்ல இருக்காரு. திங்கக்கிழமதான் கேக்க முடியும்."

இந்தப் பேச்சு கண்ணாடிக்கு வெளியே கேட்டிருக்க வேண்டும். எதிர்க்கடையின் மேனேஜர், தலை நரைத்த சீனர், கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "மேடம், உங்கள் வீட்டில் இருப்பது எங்கள் கம்ப்யூட்டர்தானே? வாருங்கள், அடுத்த சனிக்கிழமை நாங்கள் போடுகிறோம். 'இந்தப் பெண் கெட்டிக்காரி, ஏனென்றால் எங்களிடம் கற்றவள்.' முழுப் பக்கம் லா!"

அவர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. அண்ணி சிம்பாங் அம்பாட்டில் அந்த முழுப் பக்கத்தைப் பிரிப்பதை மனதில் பார்த்தேன். பிறகு அட்டையில் வரைந்த விசைகள் நினைவுக்கு வந்தன.

"அவள் உங்களிடமும் கற்கவில்லை" என்றேன். "உங்கள் பெட்டி வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் அவளைத் தர மாட்டேன்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போனார். நான் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் மகள் உட்கார்ந்த அதே நாற்காலி, அதே செயல்விளக்க மேசை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, அது கஸ்டமர் ஒக்கார்ற எடம்."

"தெரியும்."

வளாகத்தில் சனிக்கிழமைக் கூட்டம். ஒரு மலாய்த் தம்பதி மகனோடு உள்ளே வந்து, வாசலில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். நான் எழுந்திருக்காமலே மலாயில் சொன்னேன்: "அந்தப் படத்தில் இருப்பது என் மகள். அவள் கடைசி இல்லை. கணக்கில் முதலாவது."

முதலாவது. அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது. திருப்பி எடுக்க எனக்கு மனமில்லை. அவர்கள் விற்பனையாளரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். அடுத்து ஒரு சீனப் பெண்மணி பேத்தியோடு வந்தார். அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கடுத்து இரண்டு மாணவர்கள், பிறகு தொப்பி போட்ட ஒருவர். மதியத்துக்குள் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. கண் திருஷ்டி மலாயிலும் ஆங்கிலத்திலும் வேலை செய்யாது என்று எனக்குள் ஏதோ ஒரு நம்பிக்கை இருந்தது போலும். அந்த மொழிகளில் சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

இதற்கிடையில் விற்பனையாளர், நான் நிரப்பிய தாளில் இருந்த எங்கள் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டார். என் காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசினார்.

"சார், வந்து ஒங்க வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போங்க சார். யாவாரம் கெடுது."

மறுமுனையில் என் கணவர் சொன்னதை அவரே பிறகு எனக்குச் சொன்னார்: "அவங்களாப் பாத்து எழுந்திரிச்சாத்தான் உண்டு, தம்பி. இருபது வருஷமா நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

அந்த விளம்பரம் மறு சனிக்கிழமை வரவில்லை. வாசலில் ஒட்டிய படம் திங்கட்கிழமை போய்விட்டது. அது என்னால்தானா, கோலாலம்பூர் முதலாளிக்கு வேறு யோசனை வந்ததாலா, தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. வெட்கமெல்லாம் அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளுக்குத்தான்.

அன்று கடையில் மதியம் ஒரு மணி ஆகியிருக்கும். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், நம்மவர், தன் மகளோடு வந்தார். கோயிலில் எங்கோ பார்த்த முகம். படத்தைக் காட்டி என்னிடமே கேட்டார்: "இந்தப் புள்ள நெசமாவே கடைசியா இருந்து மேல வந்துச்சாம்மா? எம் பொண்ணு ரொம்ப மந்தம். அதான் கேக்கறேன்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் மந்தமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தமிழில் சொல்ல நாக்கு புரளவில்லை. வீட்டுக்குப் போனதும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"ஐயா, அது என் மக. அவ மந்தமில்ல. ஒரு நாளும் மந்தமா இருந்ததில்ல. கெட்டிக்காரி. எனக்குத் தெரிஞ்ச புள்ளைங்கள்லயே கெட்டிக்காரி. கணக்குல முதலாவது."

பெரியவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். தன் ஆளுயரப் படத்துக்குப் பக்கத்தில், சீருடையில், சதுரங்கப் பலகையை மார்போடு அணைத்தபடி என் மகள் நின்றிருந்தாள். அப்பா சொல்லித்தான் வந்தாளாம். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

உள்ளே வந்தாள். பலகையை என் மடியில் வைத்தாள். என் தோளுக்கு மேலாகக் குனிந்து சாம்பல் நிற விசைகளில் இரண்டு வரி தட்டினாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த கடை விளம்பரம் மறைந்தது. 'நான் ஒருபோதும் கடைசி இல்லை' என்ற ஆங்கில வாக்கியம் மேலிருந்து கீழாக, நிற்காமல், வரிசை வரிசையாக ஓடத் தொடங்கியது. விற்பனையாளர் ஓடி வந்து ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தார். எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழப் போனேன். மகள் என் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"ரெண்டாவதும்மா, முதலாவது இல்ல" என்றாள். "பரவால்ல, எழுந்திரிக்காதீங்க."