முதல் எழுத்துக்கு மட்டும் என் கை

தாலி அறுத்தவளைப் பார்த்து வயிறெரிந்த சுமங்கலி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவள் என் பெரியப்பா மகள். ஓமலூரில் எட்டாம் வகுப்பு வரை இருவரும் ஒரே பெஞ்சு. கணக்கை என்னைப் பார்த்துத்தான் எழுதுவாள். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் குரலே வராது. டீச்சராக வேண்டும் என்று கோழிக்குஞ்சுகளுக்குக்கூட வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான்.

இருவருக்கும் ஒரே வைகாசியில் கல்யாணம். என்னைச் சேந்தமங்கலத்தில் கொடுத்தார்கள். அவள் புருஷன் அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான். சேலத்து டீச்சர் ட்ரெயினிங் பள்ளிக்கூடத்தில் விதவைகளைப் படிப்புச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டு சோறும் போடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, பெரியப்பா அவளை அங்கே கொண்டுபோய் விட்டார். "பாவம், அவளுக்கும் ஒரு வழி ஆச்சு" என்று சொந்தமெல்லாம் உச்சுக்கொட்டியது. நானும் கொட்டினேன். எனக்கு ஏன் அந்த வழி இல்லை என்றுதான் உள்ளே எரிந்தது.

படித்து முடித்தவள் வேறெங்காவது போயிருக்கக் கூடாதா? எங்கள் சேந்தமங்கலத்தில் புதிதாகத் திறந்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தாள். வெள்ளைச் சேலை, கையில் குடை. மணியக்காரரே எழுந்து நின்று, "வாங்க டீச்சர்" என்பார். அதே தெருவில் நான் இன்னார் வீட்டு மருமகள்.

விஜயதசமியன்று குழந்தைகளைச் சேர்க்க வந்த தாய்மார்கள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். "பாடம் நீங்களே சொல்லிக்குடுங்க டீச்சர். மொத எழுத்துக்கு மட்டும் தாலி இருக்கறவ கை புடிக்கோணுமுங்க" என்றாள் ஒருத்தி. டீச்சர் முகம் சுளிக்காமல் என்னை அழைத்துவரச் சொன்னாள்.

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஓடினேன். தட்டில் பரப்பிய நெல்லில் ஒவ்வொரு பிஞ்சு விரலாகப் பிடித்து, "வளைச்சுக் கீழ எறக்கு சாமி" என்று 'அ' எழுதவைத்தேன். அழுத குழந்தைகள் என்னிடம் அழுகையை நிறுத்தின. மத்தியானம் நெல்லை அள்ளியதும் என் வேலை முடிந்தது. 'ஆ'வன்னாவிலிருந்து எல்லாம் அவளுக்கு. வருஷா வருஷம் இப்படியே. எனக்கு ஒரு காலை, அவளுக்கு மிச்ச வருஷம் முழுக்க.

ஒரு விஜயதசமியன்று பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "அக்கா, என்னையெல்லாம் ட்ரெயினிங்ல சேத்துக்குவாங்களா?"

"ஏன் சேத்துக்க மாட்டாங்க? உன்ற ஊட்டுக்காரர் சம்மதிச்சு ஒரு கையெழுத்துப் போடோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். சாயங்காலம் சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "ஏனுங்க, நானும் அக்காவாட்ட டீச்சருக்குப் படிக்கட்டுங்களா?"

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அதட்டவில்லை. கையில் எடுத்த உருண்டையோடு சிரித்துவிட்டார்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப உனக்கெதுக்குப் புள்ள அந்த வேலை?"

அவர் இலையில் ரசம் ஊற்றினேன். ஒரு பெண்டாட்டி வாய்விட்டுச் சொல்லக்கூடிய பதில் எதுவும் என்னிடம் இல்லை.